இந்தப் பருவத்துக்கு எந்தப் பயிற்சி? தொடக்கநிலை ஆசிரியர் முன்னால் நான்கு வழிகள்

பருவம் தொடங்கியதும் ஆசிரியர் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரே கேள்வி வேறு வேறு வடிவில் வரும். இணையவழிப் படிப்புக்கு லிங்க் வந்திருக்கிறது, குறுவள மையக் (சுற்றுப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சி மையம்) கூட்டத்துக்குத் தேதி சொல்லிவிட்டார்கள், தலைமை ஆசிரியர் ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பாருங்கள் என்கிறார், பக்கத்துப் பள்ளியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடப் போகிறார்களாம். எல்லாவற்றுக்கும் நேரம் இல்லை. எதை எடுப்பது, எதை விடுவது?

நேரக் கணக்கிலிருந்து தொடங்கலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையை ஏற்பதா மறுப்பதா என்பது வேறு விவாதம். ஓர் அளவுக்கு அந்த எண்ணை எடுத்துக்கொண்டால், மூன்று பருவத்துக்குப் பிரித்துப் பருவத்துக்குப் பதினாறு, பதினேழு மணி நேரம் வரும். சிங்கப்பூரில் ஆசிரியர்கள் ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அங்குள்ள தமிழாசிரியர்களுக்கும் அது பொருந்தும். நம்மிடம் இருப்பது அதில் பாதி. அந்தப் பதினாறு மணி நேரத்தை நான்காகக் கிள்ளிப் போட்டால் நான்கிலும் அரைகுறைதான் மிஞ்சும். ஒன்றை முதன்மையாக எடுத்து, இன்னொன்றைத் துணைக்கு வைத்துக்கொள்வதே நடக்கக்கூடியது.

## தேர்ந்தெடுக்கும் முன்: மூன்று வகைக் குறை

எந்தப் பயிற்சி நல்லது என்று கேட்பதற்கு முன், வகுப்பில் எது இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இடிப்பது மூன்று வகை.

தெரியாதது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டு போனால் ஐந்து. கவனக்குறைவால் வந்த விடை இல்லை இது. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்ற ஒரு விதியைக் குழந்தை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. இதை அடையாளம் காணத் தெரியாத ஆசிரியர் அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்குக் கொடுப்பார், பத்தும் அதே மாதிரி தப்பாகும். இங்கே குறை அறிவில்.

தெரியும், கை வரவில்லை. கேள்வி கேட்டபின் குழந்தைக்கு யோசிக்க நேரம் தர வேண்டும் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும். 1970களில் அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்றே விநாடிதான், ஆனாலும் வகுப்பில் நிற்கும்போது அது தாங்க முடியாத நீளமாகத் தெரியும். இதைப் படித்துச் சரிசெய்ய முடியாது. பழக்கத்தில் இருக்கும் குறை இது.

என்ன நடக்கிறது என்றே பிடிபடாதது. வகுப்பில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், கோரஸாகப் பதில் வருகிறது, தாளைத் திருத்தினால் பாதிப் பேருக்கு எதுவும் ஏறவில்லை. இங்கே ஆசிரியரிடம் இல்லாதது தகவல். அந்தத் தகவல் அவர் வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றில் உங்களுடையது எது என்று தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது. மீதிப் பாதிக்கு நான்கு வழிகளையும் இந்த அளவுகோல்களில் நிறுத்திப் பார்க்கலாம்: பயணம், பதிவேடு எல்லாம் சேர்த்து உண்மையில் ஆகும் நேரம், உங்கள் பாடத்துக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவு அருகில் இருக்கிறது, ஒரு முறை செய்து, திருத்தி, மறுபடி செய்ய வாய்ப்பு உண்டா, நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் வகுப்பின் கதி, யாருடைய ஒப்புதல் வேண்டும். நான்காவதைப் பயிற்சிக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. அந்தச் செலவு ஆசிரியர் தலையில் விழாமல் பிள்ளைகள் தலையில் விழுவதுதான் காரணம்.

## இணையவழிப் படிப்பு

மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான திக்ஷா 2017-இல் வந்தது. 2019-இல் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய நிஷ்டா என்ற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டம், கொரோனா காலத்தில் 2020-இல் அதே தளத்துக்கு மாறியது. ஒரு படிப்பு பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரம்: காணொலி, வாசிப்பு, செயல்பாடு, கடைசியில் வினாடிவினா, சான்றிதழ்.

இதன் பலம், வகுப்பை விட்டு வெளியே போக வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, நிறுத்தி மறுபடி பார்க்கலாம். தெரியாததைத் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. மேலே சொன்ன கழித்தல் பிழை, எழுத்தை ஒலியோடு சேர்ப்பதில் வரும் சிக்கல், சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை வகுப்பில் சேர்த்துக்கொள்வது போன்றவற்றுக்கு நல்ல தொடக்கம்.

மறைந்திருக்கும் செலவு இரவுதான். சமையல் முடித்து, வீட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைத்து, பத்து மணிக்கு மேல் பார்க்கும் காணொலி மனதில் நிற்காது. கடைசித் தேதி நெருங்கும்போது காணொலியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதும், வினாடிவினா விடைகள் குழுவில் வந்துவிடுவதும் எல்லாருக்கும் தெரிந்தது. ஆசிரியரைச் சோம்பேறி என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஒரே மாதத்தில் மூன்று படிப்பை முடிக்கச் சொன்னால் வேறு எப்படியும் நடக்காது.

ஒழுங்காகப் பயன்பட வேண்டுமானால், பருவத்துக்கு ஒரே ஒரு படிப்பு. ஒரே மூச்சில் முடிக்காமல் மூன்று வாரத்துக்குப் பிரியுங்கள். ஒவ்வொரு முறை மூடும்போதும் நாளைய பாடக்குறிப்பில் ஒரு வரி மாற்றி எழுதுங்கள். அப்படி மாற்ற எதுவும் இல்லை என்றால் அந்தப் பகுதி உங்களுக்கானதல்ல, அடுத்ததற்குப் போங்கள். இந்த முறையில் நான்கு மணி நேரப் படிப்பு ஏழெட்டு மணி நேரம் எடுக்கும்.

இரண்டாவது வகைக் குறைக்கு இது உதவாது. மூன்று விநாடி பொறுப்பதைப் பற்றி எத்தனை காணொலி பார்த்தாலும், மறுநாள் வகுப்பில் நீங்கள் பொறுத்தீர்களா என்று திக்ஷா வந்து பார்க்கப் போவதில்லை.

## குறுவள மையக் கூட்டம்

இதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாகும். மாநிலத்தில் தயாரான பொருள் மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கு, அங்கிருந்து குறுவள மையத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறைகிறது. முதலில் குறைவது ஏன் என்ற விளக்கம், கடைசிவரை தங்குவது எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பது. பயிற்சி நடத்தும் கருத்தாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் நம்மைப் போல் ஓர் ஆசிரியர்தான், சில நாளுக்கு முன்தான் அந்தப் பொருள் அவர் கைக்கும் வந்திருக்கும்.

ஆகவே மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் மாறும் விஷயங்களுக்கு இது சரியான இடம். 2022-இல் தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது எப்படி, பயிற்சி நூலை எந்த வரிசையில் கையாள்வது என்பதற்கெல்லாம் நேரடிப் பயிற்சி இல்லாமல் முடிந்திருக்காது. புதிய பாடநூல், புதிய மதிப்பீட்டு முறை வரும் பருவத்தில் கூட்டத்தைத் தவிர்ப்பது தப்பு.

செலவு: ஒரு முழு வேலைநாள். அன்று உங்கள் வகுப்பு பக்கத்து வகுப்போடு சேர்ந்து உட்காரும். ஈராசிரியர் பள்ளியில் இருவரில் ஒருவர் போனால் ஐந்து வகுப்பையும் ஒருவர் பார்க்க வேண்டும், அதாவது அன்று பாடம் நடக்காது. பேருந்து குறைவான ஊர்களில் போய்வரவே இரண்டு மணி நேரம்.

கூட்டத்துக்கு எப்படியும் போகத்தான் வேண்டும் என்னும்போது ஒன்று செய்யலாம். உங்கள் வகுப்பிலிருந்து ஐந்து பிள்ளைகளின் நோட்டுகளைக் கொண்டுபோங்கள்: நன்றாகச் செய்பவர் ஒருவர், நடுவில் இருவர், திணறுபவர் இருவர். உங்கள் பள்ளி ஆசிரியரோடு உட்காராமல் அதே வகுப்பு எடுக்கும் வேறு பள்ளி ஆசிரியரோடு உட்காருங்கள். “உங்க புள்ளைங்களும் இந்த இடத்துலதான் நிக்குறாங்களா?” என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் அன்றைய அமர்வுகளைவிட நெடுநாள் பயன்படும். தேநீர் இடைவேளையில் நடக்கும் அந்தப் பேச்சை நான் பயிற்சியின் ஓரமாக நினைக்கவில்லை. அதற்காகவே கூட்டம் வேண்டும் என்பேன்.

## ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பது

இரண்டாவது வகைக் குறைக்கு, அதாவது தெரிந்தும் கை வராததற்கு, மருந்து இங்கேதான் இருக்கிறது. புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களில் ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்து சொன்னது இன்றும் பொருந்துகிறது: விளக்கிச் சொன்னாலும், செய்து காட்டினாலும், பயிற்சிக் கூடத்தில் செய்து பார்க்க வைத்தாலும், சொந்த வகுப்பில் யாராவது கூட நின்று உதவினால்தான் புதிய முறை வகுப்புக்குள் போய் நிலைக்கிறது.

செலவு ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. முதல் நாள் பத்து நிமிடப் பேச்சு, மறுநாள் இருபது நிமிடப் பார்வை, அன்றைக்கே பதினைந்து நிமிடப் பேச்சு. ஒரு சுற்றுக்கு முக்கால் மணி. இருவரும் மாறி மாறிப் பார்த்தால் ஒன்றரை மணி. பருவத்தில் மூன்று சுற்று என்றாலும் நாலரை மணி நேரம். வகுப்பும் கெடாது, உங்கள் பிள்ளைகள் இருபது நிமிடம் நூலகப் புத்தகம் வாசிக்கலாம், அல்லது தலைமை ஆசிரியர் வந்து நிற்கலாம்.

ஆனால் இது தவறாகப் போகும் வழிகள் நிறைய, அதனால் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதை வகுப்பு எடுப்பவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்று. “என் வகுப்பைப் பாருங்க” என்று பொதுவாக அழைத்தால் பார்ப்பவர் கரும்பலகை எழுத்து, குரல், துணைக்கருவி என்று எல்லாவற்றையும் பார்த்து எதையும் பார்க்காமல் வருவார். “கேள்விக்கு யார் யார் பதில் சொல்றாங்கன்னு மட்டும் பாருங்க” என்றால் வேலை நடக்கும்.

பார்ப்பவர் ஒரு வெள்ளைத் தாளில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசையைக் கட்டம் கட்டமாக வரைந்துகொள்ள வேண்டும். ஒரு குழந்தை தனியாகப் பதில் சொன்னால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்துப் பதில் வந்தால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். கோரஸ் பதிலுக்குத் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். கருத்து, பாராட்டு, மதிப்பெண் எதுவும் தாளில் வரக்கூடாது. இருபது நிமிட முடிவில் முப்பது கட்டத்தில் ஏழெட்டுக் கட்டத்தில் மட்டும் கோடுகள் குவிந்திருப்பதையும், ஓரத்தில் புள்ளிகள் வரிசை கட்டியிருப்பதையும் பார்க்கும் ஆசிரியருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது வகைக் குறையும் இந்த ஒரே தாளில் வெளியே வந்துவிடும்.

அடுத்த பேச்சில் “நல்லா இருந்துச்சு டீச்சர்” என்பதால் யாருக்கும் பயனில்லை. “ஜன்னல் பக்கம் இருக்கிற நாலு பேர் இருபது நிமிஷமும் ஒரு வார்த்தை பேசல” என்பது பயன்படும், ஏனென்றால் அது நடந்தது. அதற்குப் பிறகு வகுப்பு எடுத்தவர்தான் முதலில் பேச வேண்டும். அடுத்த வாரம் ஒரே ஒரு மாற்றம், மறுபடி அதே தாள்.

கடைசியாக ஒன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: தாள் வகுப்பு எடுத்தவரிடமே இருக்க வேண்டும். அது தலைமை ஆசிரியர் மேசைக்கோ பதிவேட்டுக்கோ போன அன்றே இந்த முறை செத்துவிடும். பார்வை ஆய்வாகிவிடும், அடுத்த முறை உங்களுக்குக் காட்டுவது ஒத்திகை பார்த்த பாடமாக இருக்கும். பணிமூப்பு உள்ளவர் இளையவரைப் பார்ப்பது மட்டும் நடந்தாலும் இதே கதைதான். முதல் சுற்றில் மூத்தவர் தன் வகுப்பைத் திறந்துவிட்டால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் போய்விடும்.

## பாட ஆய்வு

ஜப்பானில் ஜுக்யோ கென்க்யூ என்ற பெயரில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் முறை. ஒரே வகுப்பு எடுக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுவார்கள், ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பேசித் திருத்தி, இன்னொருவர் வகுப்பில் மறுபடி எடுப்பார்கள்.

இதில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா? நான்கு என்பது மூன்றைவிடப் பெரியது, அதனால் நான்கில் ஒரு பங்குதான் பெரிது என்று பிள்ளைகள் சொல்வார்கள் என்பதைத் திட்டமிடும்போதே எழுதி வைக்கிறார்கள். காகிதப் பட்டையை மடித்துப் பார்க்க வைக்கலாம் என்று முடிவாகிறது. முதல் வகுப்பில் பட்டையை நான்காக மடிப்பது எளிதாக முடிகிறது. மூன்றாக மடிக்கும்போது சமமாக வருவதில்லை. ஒரு மடிப்புப் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வர, பிள்ளைகள் பத்து நிமிடம் மடிப்போடு போராடுகிறார்கள், பின்னத்தைப் பற்றிய பேச்சே நடக்கவில்லை. கவனித்தவர்கள் இதைச் சொன்னதும் திருத்தம் வருகிறது: பட்டையைச் சரியாக 12 செ.மீ. நீளத்தில் வெட்டிக் கொடுத்து, அளவுகோலால் குறிக்கச் சொல்வது. மூன்றில் ஒரு பங்கு 4 செ.மீ., நான்கில் ஒரு பங்கு 3 செ.மீ. இரண்டு பட்டையையும் பக்கத்தில் வைத்தால் எது நீளம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. “பங்கு போடுற ஆள் கூடினா எனக்குக் குறைச்சலாத்தானே வரும்” என்று ஒரு பிள்ளை சொல்லும் இடத்துக்கு வகுப்பு வந்து சேர நேரமும் மிஞ்சுகிறது. இந்த அளவு நுணுக்கமான அறிவு வேறு எந்தப் பயிற்சியிலும் கிடைப்பதில்லை.

விலையும் அதற்கேற்ப. திட்டமிட ஒன்றரை மணி வீதம் இரண்டு அமர்வு, இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு மணிப் பேச்சு, நடுவில் திருத்த ஒரு மணி: மொத்தம் ஏழு மணிக்கு மேல். வேறு வேறு பள்ளியினர் என்றால் பயணம் தனி. வகுப்பு நடக்கும் இரண்டு அரைநாளும் மற்ற மூவரின் வகுப்புகள் ஆசிரியர் இல்லாமல் இருக்கும். தலைமை ஆசிரியர்கள் எல்லாரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். இவ்வளவும் ஒரே ஒரு பாடத்துக்கு. ஆகவே எந்தப் பாடத்தை எடுக்கிறோம் என்பது முக்கியம்: ஆண்டுதோறும் பிள்ளைகள் சறுக்கும் இடமாக இருக்க வேண்டும். பின்னம், கடன் வாங்கிக் கழித்தல், ர-ற, ல-ள-ழ பிழைகள், வாசித்ததைத் தன் சொல்லில் எழுதுவது போன்றவை இதற்குத் தகும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில். முதல் வகுப்பு மாதிரி வகுப்பாக மாறிவிடும். சார்ட் ஒட்டி, பிள்ளைகளுக்கு முன்னாலேயே விடை சொல்லிக் கொடுத்து, புகைப்படம் எடுத்து முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்பதை எழுதி வர ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஐந்தாறு பிள்ளைகளைக் குறிப்பிட்டு ஒதுக்கிவிட்டால் இது பெருமளவு தடுக்கப்படும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இணையவழி | குறுவள மையம் | வகுப்பைப் பார்ப்பது | பாட ஆய்வு |
|---|---|---|---|---|
| பருவத்துக்கு நேரம் | 7–8 மணி | கூட்டத்துக்கு ஒரு நாள் | சுமார் 4½ மணி | 7 மணிக்கு மேல், பயணம் தனி |
| வகுப்பு இழப்பு | இல்லை | முழு நாள் | மிகக் குறைவு | இரண்டு அரைநாள் |
| திருத்தி மறுபடி செய்வது | நீங்களாகச் செய்தால் | இல்லை | உண்டு | உண்டு |
| யார் வேண்டும் | யாரும் வேண்டாம் | அழைப்பு வரும் | நம்பிக்கையான ஒருவர் | மூவர், தலைமை ஆசிரியர்கள் |
| எந்தக் குறைக்கு | தெரியாதது | புதிய மாற்றம் | கை வராதது, பிடிபடாதது | ஆண்டுதோறும் சறுக்கும் பாடம் |

## யாருக்கு எது

பெரும்பாலான ஆசிரியருக்கு என் பரிந்துரை, முதன்மையாக ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பது, துணைக்கு ஒரே ஓர் இணையவழிப் படிப்பு. பத்தாண்டுக்கு மேல் பணியில் இருப்பவரிடம் தெரியாதது குறைவு, கை வராததுதான் அதிகம். அவருக்கு மேலும் மேலும் தகவல் கொடுப்பதால் வகுப்பு மாறாது.

பணியில் சேர்ந்து ஓரிரண்டு ஆண்டு ஆனவருக்கு வரிசையைத் திருப்பலாம். அவருக்குத் தெரியாதது நிறைய. ஆனாலும் அவர் குறைந்தது இரண்டு வகுப்புகளையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

சான்றிதழோ மணிக்கணக்கோ கேட்கிறார்கள் என்றால் இணையவழிப் படிப்பை முடித்துக் கொடுத்துவிடுங்கள். அதைத் தனிக் கணக்காக வைத்துக்கொண்டு, வகுப்புக்கான முயற்சியைப் பக்கத்து அறை ஆசிரியரோடு தொடங்குங்கள்.

ஒரே வளாகத்தில் ஒரே வகுப்புக்கு இரண்டு மூன்று பிரிவு இருக்கும் பள்ளியில் பாட ஆய்வின் பெரிய செலவான பயணம் இல்லாமல் போகிறது. அங்கே ஆண்டுக்கு ஒன்றாவது செய்யாமல் விடுவது நஷ்டம்.

ஈராசிரியர் பள்ளியில் இருப்பவருக்கு இவை எதுவும் சரியாகப் பொருந்தாது. ஒருவர் மற்றவர் வகுப்பில் போய் உட்கார்ந்தால் மீதிப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. அங்கே கைபேசியில் ஒலிப்பதிவு செய்வதே முதன்மை வழி. வீடியோ வேண்டாம், பிள்ளைகளின் முகம் கைபேசியில் தங்குவது தேவையில்லாத பொறுப்பு, கேமரா இருப்பது தெரிந்தால் அவர்கள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மேசைமேல் ஒரு துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். சட்டைப்பையில் வைத்தால் துணி உரசும் சத்தம்தான் கேட்கும். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் அதுவும் கெடும். 40 நிமிடத்தையும் கேட்க உட்காராதீர்கள், யாராலும் முடியாது. நடுவிலிருந்து பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு இரண்டு விஷயம் மட்டும் எண்ணுங்கள்: நீங்கள் கேட்ட கேள்வி எத்தனை, அதில் உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொன்னது எத்தனை. எண்ணைத் தேதியோடு பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுப் பதிவை அழித்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே பாடவேளையில், அதே வகுப்பில் மறுபடி எடுங்கள். பாடவேளை மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது, மதிய உணவுக்குப் பிந்திய வகுப்பு எப்போதுமே வேறு மாதிரிதான் இருக்கும்.